பாவு வராத மாதங்கள்

வீட்டில் பணமுடை வந்தால் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும். மறைத்துவிட்டோம் என்று பெற்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பதிமூன்று, பதினான்கு வயதாகிவிட்ட பிள்ளையிடம் அது நடக்காது. அரை லிட்டர் பால் பாக்கெட் கால் லிட்டராகும்போது அது கவனிக்கும். அம்மா கழுத்துச் சங்கிலி போய், தாலி மஞ்சள் கயிற்றில் ஏறிய நாள் அதற்கு ஞாபகம் இருக்கும். "இந்த வெயிலுக்குச் சங்கிலி கசகசன்னு கீது, கயிறே தேவல" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதது மாதிரி புத்தகத்தைப் புரட்டும்.

பள்ளியில் டூர் என்று அறிவித்தால் "எனக்கு பஸ் ஒத்துக்காது சார்" என்று வந்து நிற்கும். குரூப் போட்டோவுக்குப் பணம் கட்ட வேண்டிய அன்று வயிற்றுவலி வரும். மத்தியானம் பக்கத்தில் இருப்பவன் டப்பாவை நீட்டினால் "பசிக்கலடா" என்று தள்ளிவிடும். ஆரணியில் தறி வீட்டில் பிறந்து, ஆரணியிலேயே வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பஸ் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் எந்த வருஷம் அதிகமானார்கள் என்பதை வைத்தே அந்த வருஷம் பட்டு எப்படி விற்றது என்று சொல்லிவிடலாம். இந்தப் பிள்ளைகள் மனதுக்குள் என்ன நடக்கிறது, நாம் அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பெற்றவர்களுக்கும் முதலாளிமார்களுக்கும் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

வெளியூர்க்காரர்கள் ஆரணி என்றதும் பட்டையும் அரிசியையும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரிலும், சைதாப்பேட்டை, கொசப்பாளையம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம், அத்திமலைப்பட்டு என்று சுற்றுவட்டாரம் முழுக்கவும் பட்டுத் தறியை நம்பிய வீடுகள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் அந்தப் புடவைக்கு வேண்டிய சரக்கு எதுவும் எங்கள் கையில் இல்லை. கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வரவேண்டும். ராமநகரம் பட்டுக்கூடு சந்தையில் விலை ஏறினால் எங்கள் தெருவில் தறி குறையும். சரிகைக்குச் சூரத்தைப் பார்க்க வேண்டும், தங்கம் வெள்ளி விலையோடு அதுவும் ஏறும். நீளவாட்டில் ஓடும் பாவு, குறுக்கே ஓடும் ஊடை, சரிகை எல்லாவற்றையும் முதலாளி கொடுப்பார். சங்கத்தில் இருப்பவர்களுக்குச் சங்கம் கொடுக்கும். நெய்து, புடவையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூலி. "பாவு வரல" என்று ஒருவர் சொன்னால் அதிலேயே மளிகைக் கடை பாக்கி, பள்ளிக்கூட பீஸ், வாரா வாரம் கட்டவேண்டிய குழுப் பணம் எல்லாம் அடங்கிவிடும்.

இதில் தறிக்காரர் பிள்ளைக்கு மட்டும் உள்ள ஒரு கஷ்டம் இருக்கிறது. கம்பெனியில் வேலை போனவர் காலையில் வழக்கம்போல் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம், பிள்ளைக்குக் கொஞ்ச நாள் தெரியாமல் இருக்கும். இங்கே தறி நடுவீட்டில் நிற்கிறது. பாவு ஏறாத தறி வீட்டில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும், அதன் ஓரத்தில்தான் பாயை விரித்துப் படிக்க வேண்டும், படுக்க வேண்டும். தறி ஓடும்போது அந்தச் சத்தத்திலேயே பாடம் படித்துப் பழகிய பிள்ளை. சத்தம் நின்றதும் அதற்குப் படிப்பு ஓடாது. அப்பா திண்ணைக்கும் உள்ளுக்குமாக நடப்பது கேட்கும். அம்மா ஊடைக்குத் தார் சுற்றுகிற ராட்டையைத் துணி போட்டு மூடி வைத்திருப்பாள்.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, வேலை குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறும், தெருவில் பாவு நீட்ட முடியாது. இதெல்லாம் எங்கள் பஞ்சாங்கத்தில் உள்ள கஷ்டம். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிற செலவை எங்கே பிடிப்பது என்று பெண்களுக்குத் தெரியும். முன்கூட்டித் தெரிந்த கஷ்டத்துக்கு வீடு தயாராக இருக்கும்.

சொல்லாமல் வந்தவைதான் முதுகை ஒடித்தன. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். ரொக்கமாகக் கூலி வாங்குகிற ஊர் இது. கார்த்திகை, தை முகூர்த்தத்துக்கு நெய்துகொண்டிருந்த நேரம் அது, முதலாளியிடம் சரக்கு இருந்தது, கொடுக்கப் பணம் இல்லை. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி என்று புடவை விற்கிற மாதங்கள் அத்தனையும் அப்படியே போயின. கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்றபோது, வரப்போகிற ஐம்பது பேருக்கு எதற்குப் பட்டு என்று வாங்குகிறவர்கள் நினைத்ததில் தப்பில்லை. அது தெளிந்து எழும்பும்போது 2021 கடைசியிலிருந்து கச்சாப் பட்டு விலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது, தறிகள் மறுபடி நின்றன. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கி 1985-லேயே சட்டம் வந்திருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் ஓட்டிய சேலை கைத்தறிப் பட்டென்று கடையில் விலை போகிறது. ஒரு அடி ஆறுவதற்குள் அடுத்தது. 2016-ல் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்குப் பள்ளிப் படிப்பு முடியும்வரை இதுதான் வாழ்க்கை.

ஊரடங்கில் மூடிய பள்ளி, பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் 2021 ஜனவரி 19 அன்றுதான் திறந்தது. இடையில் 2020 ஜூனில் பத்தாம் வகுப்புப் பரீட்சையை ரத்து செய்து எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்திருந்தார்கள். ஆன்லைன் வகுப்பு என்றார்கள். தறி வீட்டில் இருப்பது ஒரு செல்போன், அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும், முதலாளி எப்போது கூப்பிடுவாரோ என்று அவர் அதைக் கீழே வைக்கமாட்டார். பையன்கள் அரிசி ஆலைக்கும் சித்தாள் வேலைக்கும் போனார்கள். பள்ளி திறந்தபோது பெஞ்சில் இடைவெளி தெரிந்தது. அப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இளைய ஆசிரியர்கள் வராத பிள்ளைகளைத் தேடிக்கொண்டு கிளம்பியபோது, தெரு தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்கள்.

அப்படிப் போன ஒரு வீட்டில் பதினைந்து வயதுப் பையன். மூட்டை தூக்கித் தோள் கறுத்திருந்தது. வீட்டுக்கு வெளியே தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினேன். படிப்பு பிடிக்கவில்லையா என்றேன், பிடிக்கும் என்றான். வேலை கஷ்டமா என்றேன், பழகிவிட்டது என்றான். பிறகு நான் கேட்காமலே ஒன்று சொன்னான். "நைனா என்கிட்ட நூறு ரூபா கடனா வாங்கினாரு சார். அதுலேர்ந்து நான் எப்ப வந்தாலும் ஏன்டா லேட்டுன்னு கேக்கறதில்ல."

அவனுக்கு அதில் சந்தோஷம் இல்லை. லேட்டாக வந்தால் திட்டுகிற அப்பா வேண்டும் என்றுதான் அந்தக் குரல் கேட்டது. பதினைந்து வயதில் சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு உடம்பு வலியைவிட இது பெரிய வலி. வீட்டில் தனக்கு மேலே ஒருவர் இருந்தார், இப்போது இல்லை என்று தோன்றிவிடுகிறது. அவன் அப்பாவையும் பார்த்தேன். நூறு நாள் வேலைக்கும் கொத்து வேலைக்கும் போய் அவர் கை காய்ப்புக் காய்த்திருந்தது. பட்டு நெய்கிறவர் உள்ளங்கை வெண்ணெய் மாதிரி இருக்கவேண்டும், சொரசொரத்த விரல் பட்டால் இழை மாட்டிப் பிசிறு எழும்பும், புடவை கழிவாகும். மண்வெட்டி பிடித்த கையோடு உடனே தறியில் உட்கார முடியாது. ராத்திரியில் அந்த மனிதர் தேங்காய் எண்ணெய் போட்டு விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருப்பாராம். பாவு வந்ததும் கை தயாராக இருக்கவேண்டுமே என்ற கவலை. பையன் பாயில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். இருவரும் ஒரே விஷயத்தை நினைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் தூங்கிப்போவார்கள்.

கஷ்ட காலத்தில் பிள்ளைகளைக் கெடுப்பது எது என்று உலகத்தில் நெடுங்காலம் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1929-ல் பெருமந்தம் தொடங்கியபோது ஓக்லாந்து நகரத்தில் எட்டு, ஒன்பது வயதில் இருந்த 167 பிள்ளைகளை, அவர்கள் வளர்ந்து நடுத்தர வயது அடையும்வரை தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. அதை வைத்து கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் 1974-ல் புத்தகம் எழுதினார். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்ட குடும்பத்துப் பிள்ளைகளை, அவ்வளவு இழக்காதவர்களோடு ஒப்பிட்டார். பையன்கள் சின்னச் சின்ன வேலைக்குப் போனார்கள், பெண் பிள்ளைகள் வீட்டு வேலையைத் தாங்கினார்கள், சீக்கிரமே பெரியவர்களானார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பிற்காலத்தில் நன்றாகவே வாழ்ந்தார்கள். பண இழப்பு மட்டும் அவர்களை முறித்துவிடவில்லை. அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிய வந்தது இதுதான்: பணம் போனதால் அப்பாவின் சுபாவம் மாறி, எரிந்து விழுகிறவராக, எப்போது என்ன செய்வார் என்று தெரியாதவராக ஆன வீடுகளில்தான் பிள்ளைகள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

1980-களில் அயோவா மாநிலத்து விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். 1989-ல் ராண்ட் காங்கர் என்பவரும் எல்டரும் சேர்ந்து அங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள 451 குடும்பங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். கடன் நெருக்கினால் பெற்றவர் மனம் சோர்கிறது, சோர்ந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிக்கிறார்கள், அந்தச் சூடு பிள்ளை மேல் விழுகிறது, பிள்ளை உள்ளுக்குள் சுருங்குகிறது அல்லது வெளியே முரண்டு பிடிக்கிறது. விவசாய வீடும் தறி வீடு மாதிரிதான், தொழிலும் குடும்பமும் ஒரே கூரைக்கடியில். சோளக்கொல்லைக்காரர் வீட்டில் நடந்ததைப் படித்தபோது எனக்குச் சைதாப்பேட்டைத் தெரு கண்முன் நின்றது.

எங்கள் பெரியவர்கள் வேறு மாதிரிப் பஞ்சத்தைப் பார்த்தவர்கள். 1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி விலை போகாமல் தேங்கி, தமிழ்நாட்டு நெசவூர்களில் கஞ்சித்தொட்டி வைக்கிற நிலை வந்தது. அண்ணாவும் அவரோடு இருந்தவர்களும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் விற்றார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது என் அப்பா பசியைச் சொல்வார், அவமானத்தைச் சொன்னதில்லை. தெருவே தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நின்றால் எந்தப் பிள்ளைக்கு வெட்கம்? இன்றைக்குப் பசி குறைந்திருக்கிறது. ரேஷன் அரிசி இருக்கிறது, பள்ளியில் சாப்பாடு இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்துவிட்டது. வெட்கம் மட்டும் கூடியிருக்கிறது. ஒவ்வொரு வீடும் கதவைச் சாத்திக்கொண்டு தனித்தனியாகக் கஷ்டப்படுகிறது. பிள்ளையின் கையில் போன் இருக்கிறது, அதில் கூடப் படிப்பவன் புது பைக்கோடு நிற்கிறான். உலகத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், நம் வீட்டில்தான் என்னவோ கோளாறு என்று பதினான்கு வயது முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவை அது யாரிடமும் சொல்லாது. பெற்றவர்களிடம் நிச்சயம் சொல்லாது.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. குழு லோன் வசூலிக்கிறவர் வாசலில் வந்து நிற்கிறார். அப்பா தறிக்குழிக்குள் உட்கார்ந்துகொள்கிறார். அம்மா கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். பெண் பிள்ளையை அனுப்புகிறார்கள். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பெண். "அப்பா வூட்ல இல்லண்ணா. அம்மா கடைக்குப் போயிருக்காங்க." வந்தவர் எட்டிப் பார்த்து, தறிக்கடியில் செருப்பைப் பார்த்துவிட்டு, "பொய் சொல்லாத பாப்பா, உன்னைப் பள்ளிக்கூடத்துல இதுதான் சொல்லிக்கொடுத்தாங்களா" என்கிறார். எதிர்வீட்டில் கேட்கிறது. அவர் போன பிறகு அப்பா குழியிலிருந்து எழுந்து வருகிறார். அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னது, அதனாலேயே இனி அவரை நேராகப் பார்க்க முடியவில்லை.

பிள்ளையை வாசலுக்கு அனுப்பாதீர்கள். நீங்களே போய் நில்லுங்கள். "இந்த வாரம் பாவு வரல, பணம் இல்ல, அடுத்த புதன் பாதி தரேன்" என்று சொல்லுங்கள். அவர் நாலு வார்த்தை பேசினால் அது உங்கள் தோளில் விழட்டும். இதற்கு விதியும் இருக்கிறது. சிறுகடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட நெறிமுறைப்படி, கடன் வாங்கியவரும் நிறுவனமும் பேசி வைத்த இடத்தில்தான் வசூல் செய்ய வேண்டும். அந்த இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்கிற இடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது. மிரட்டும் பேச்சுக்கும் தடை. இது தெரிந்து பேசுகிற அப்பாவைப் பார்த்தால் பிள்ளைக்குக் கடன் இருப்பது பெரிதாகத் தெரியாது. அப்பா நிமிர்ந்து நின்றார் என்பதுதான் தெரியும்.

முள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு வீடு எனக்குத் தெரியும். கச்சாப் பட்டு விலை ஏறித் தறி நின்ற வருஷம், அந்த வீட்டுத் தாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் புருஷனையும் பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்தாள். ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எங்கே எவ்வளவு கடன், எந்த நகை எங்கே இருக்கிறது, மாதம் எவ்வளவு வந்தால் சோறும் பீஸும் தேறும், முதலாளி என்ன சொல்லியிருக்கிறார். புருஷன் முதலில் எழுந்து போகப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்த சின்னவன், எட்டாம் வகுப்பு, ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அப்ப இந்த வூட்ட விக்கமாட்டோமா?"

வீட்டை விற்கிற பேச்சே அங்கே எழுந்ததில்லை. தெருவில் வேறு யாரோ விற்றதைக் கேட்டுவிட்டு அவன் பல மாதமாக இதை மனதில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்திருக்கிறான். பெரியவர்கள் மறைத்தது சில பத்தாயிரம் ரூபாய்க் கடன். அவன் கற்பனை செய்துகொண்டது நடுத்தெருவில் நிற்கும் குடும்பம். அவன் கேட்டிருந்த சைக்கிள் தைக்குப் பிறகுதான் என்று அன்று சொன்னார்கள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான், பிறகு சரியாகிவிட்டான். பதினோராம் வகுப்புப் படித்த பெரியவள் சாயங்காலம் கொஞ்ச நேரம் தார் சுற்றித் தருகிறேன் என்றாள். பரீட்சை மாதத்தில் ராட்டையைத் தொடக்கூடாது என்று தாய் அப்போதே சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பிறகு கல்லூரிக்குப் போனாள்.

கணக்கைச் சொல்வது வேறு, பாரத்தை ஏற்றுவது வேறு. இந்த எல்லையை நம் வீடுகளில், முக்கியமாகத் தாய்மார்கள், அடிக்கடி தாண்டுகிறார்கள். மூத்த பெண் இருந்தால் போதும், ராத்திரி பாத்திரம் துலக்கும்போது எல்லாம் அவள் தலையில் கொட்டப்படும். உங்கப்பன் இப்படி, உங்க சித்தப்பன் ஏமாத்திட்டான், நான் இருந்து என்ன பிரயோஜனம். பதினைந்து வயதுப் பெண் அம்மாவைச் சமாதானப்படுத்தித் தூங்கவைத்துவிட்டு, தான் விழித்திருக்கும். ஊர் அவளைப் "பொறுப்பான பொண்ணு" என்று மெச்சும். என் வகுப்பில் அப்படிப்பட்ட பொறுப்பான பெண்களைக் கண்டால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். சத்தம் போடுகிற பையனை எல்லோரும் கவனிப்பார்கள். சிரித்துக்கொண்டே எல்லா வேலையும் செய்கிற பெண் பிள்ளைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க ஆளிருக்காது. அந்தப் பேச்சைப் பேச அக்காவோ தங்கையோ தோழியோ இருக்கட்டும். மகளிடம் எண்ணிக்கையையும் திட்டத்தையும் மட்டும் சொல்லுங்கள்.

வேலை கற்றுக்கொடுப்பதிலும் இதே எல்லைதான். எங்கள் தலைமுறையில் பிறந்த பிள்ளை தறியோடுதான் வளர்ந்தது. நாடா தள்ளவும் அறுந்த இழையை முடியவும் கற்றதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு கறை இருந்தது. பெற்றவர் முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையைத் தறியில் உட்காரவைத்த காலம் அது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் இப்படிக் கொத்தடிமையாக இருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் அறிக்கையாகவே வெளியிட்டது. எங்கள் பக்கமும் அதற்கு விலக்கில்லை. பள்ளிகளாலும் சட்டத்தாலும் ஊர் மனம் மாறியதாலும் அது பெரிதும் ஒழிந்தது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று இடம் விட்டிருக்கிறது. நெருக்கடி வருகிறபோதெல்லாம் அந்த இடம் வழியாகப் பழையது திரும்பி வந்துவிடுமோ என்று நான் கவலைப்படுகிறேன். வேலையைச் சொல்லிக்கொடுங்கள். கடனை அடைக்கிற ஆளாகப் பிள்ளையை எண்ணாதீர்கள்.

பெண் பிள்ளைக்கு இன்னொரு ஆபத்து. ஊரடங்கில் ஐம்பது பேரோடு கல்யாணம் என்றதும், செலவு குறையுமே, இப்போதே முடித்துவிடலாம் என்று பேசிய வீடுகள் இருந்தன. பெண்ணுக்குப் பதினாறு, பதினேழு. பதினெட்டுக்குக் குறைந்தால் அது 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம், 1098-க்கு ஒரு போன் போதும், அதிகாரிகள் வருவார்கள். அதைவிட வலுவாக வேலை செய்வது இப்போது வந்திருக்கும் பணம். 2022 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன். பெரிய தொகை இல்லை. ஆனால் அது பெண்ணின் சொந்தக் கணக்கில் விழுகிறது. "நான் படிச்சா பணம் வருது" என்று அவள் வீட்டில் சொல்ல முடிகிறது. செய்யாறு சிப்காட்டுக்குக் கிராமம் கிராமமாக வந்து பெண்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி வேன்களைப் பார்க்கிறேன். வயதும் படிப்பும் முடித்துப் போகிறவர்களுக்கு அது நல்ல வழிதான். பன்னிரண்டாவது முடிக்காமல் அதில் ஏறுகிற பிள்ளையை மட்டும் யாராவது நிறுத்திக் கேட்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டூர் பணம், போட்டோ பணம், ரெக்கார்டு நோட்டு எதையும் வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். ஒரு பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கினால், தூங்கி வழிந்தால், திடீரென்று யாரோடும் பேசாவிட்டால், மதிப்பெண்ணைப் பற்றி ஆரம்பிக்காமல் "தறி ஓடுதா" என்று தனியாகக் கேளுங்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்வி ஒன்றிலேயே பிள்ளை உடைந்து பேசிவிடும். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி பேச்சு வந்தால் அதை விளையாட்டாக எடுக்கக்கூடாது, அன்றைக்கே பெற்றவரிடம் பேச வேண்டும். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. மாணவர்களுக்கென்று பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் வகுப்பறைச் சுவரில் எழுதிப் போடுங்கள். சுவரில் இருந்தால் யாரும் பார்க்காத நேரத்தில் பிள்ளை குறித்துக்கொள்ளும்.

ஆனாலும் பெற்றவரையும் ஆசிரியரையும் மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளையிடம் கணக்கைச் சொல் என்று நெசவாளரிடம் சொல்கிறேன். அவருக்கே கணக்குத் தெரிந்தால்தானே சொல்வார்? புடவையைக் கொடுத்துவிட்டு வந்தால் கூலி எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. அடுத்த பாவு உண்டா இல்லையா என்பது, பழைய பாவு தீருகிற அன்று முதலாளி வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். "நாளைக்கு வா", "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று நடக்க வைக்கப்படுகிற மனிதர், வீட்டுக்கு வந்து பிள்ளை "பீஸ் எப்பப்பா" என்று கேட்டால் எரிந்துதான் விழுவார். அவருடைய கோபத்துக்கு வாசல் அங்கே இருக்கிறது.

முதலாளிமார்களுக்கும் நெருக்கடி உண்டு, எனக்குத் தெரியும். கடைக்காரர் அவர்களுக்கு மாதக்கணக்கில் பாக்கி வைக்கிறார், பட்டு விலை அவர்கள் கையில் இல்லை. கூலியை உயர்த்துங்கள் என்று நான் இங்கே கேட்கவில்லை, அதைச் சங்கங்கள் கேட்கட்டும். நான் கேட்பது இரண்டுதான். கூலிக்கு ஒரு நாளைக் குறித்துவிடுங்கள், சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை, தொகை குறைந்தாலும் நாள் தவறவேண்டாம். பாவு கொடுக்க முடியாது என்றால் பழைய பாவு தறியில் இருக்கும்போதே, ஒரு பத்துப் பதினைந்து நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். ஆடியில் எத்தனை தறிக்கு வேலை இருக்கும் என்று ஆனி பாதியிலேயே உங்களுக்கு ஓரளவு தெரியும். அதைத் தறிக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள், முடிந்தால் அவர் வீட்டுக்காரம்மாவையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், நோட்டு எழுதுவது பெரும்பாலும் அவர்கள்தான்.